சஃபாரியிலிருந்து குரோமுக்குப் போகும் ஸ்கிரிப்ட், திருப்பிப் போட்டால் ஏன் ஓடவில்லை?

வீட்டில் மேக், எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் விண்டோஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். படிப்பதெல்லாம் சஃபாரியில். பெங்களூரில் இருப்பதால் கன்னடத்தில் மட்டும் உள்ள பக்கங்கள் அடிக்கடி வருகின்றன. அவற்றைக் குரோமில் திறந்து தமிழுக்கு மாற்றிப் படிக்கிறீர்கள். முகவரியை காப்பி செய்து ஒட்டி அலுத்துப்போய் இணையத்தில் கிடைத்த ஒரு ஸ்கிரிப்டைப் போட்டீர்கள். சஃபாரியிலிருந்து குரோமுக்குப் பக்கம் போகிறது. இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினால் பிழை வருகிறது. ஃபயர்ஃபாக்ஸ் என்று போட்டால் எதுவுமே நடக்கவில்லை. மூன்று தனித்தனிக் கோளாறு போலத் தெரிந்தாலும் கேள்வி ஒன்றுதான்: ஒரு பிரவுசரிடம் "இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறாய்?" என்று வெளியிலிருந்து எப்படிக் கேட்பது? முகவரியைக் கொடுத்துத் திறக்கச் சொன்னால் எல்லாப் பிரவுசரும் கேட்டுக்கொள்ளும். திறந்திருப்பதைச் சொல் என்றால்தான் ஆளுக்கொரு பாஷை.

ஸ்கிரிப்டுக்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இடம் மாறுவது பக்கம் அல்ல, அதன் முகவரி மட்டுமே. புதிய பிரவுசர் அந்த முகவரியை சர்வரிடம் முதலிலிருந்து கேட்கிறது. லாகின் கூட வராது, ஏனென்றால் அது குக்கியில் (தளம் பிரவுசரில் எழுதி வைக்கும் சிறு குறிப்பில்) இருக்கிறது, குக்கி பழைய பிரவுசரிடமே தங்கிவிடுகிறது. பாதி நிரப்பிய படிவமும் வராது. பலரும் தடுமாறும் இடம் இன்னொன்று: ஓர் எண்ணை அடித்துத் தேடிய பிறகு வரும் விவரப் பக்கம். தேடியது போஸ்ட் முறையில் அனுப்பப்பட்டிருந்தால் முகவரிப் பட்டையில் அந்த எண் இருக்காது. குரோமில் திறக்கும்போது வெற்றுப் படிவம்தான் நிற்கும். அனுப்பும் முன் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் நீங்கள் தேடியது தெரிகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். தெரிந்தால் பெரும்பாலும் போய்ச் சேரும். தெரியாவிட்டால் எந்த ஸ்கிரிப்டும் உதவாது. வங்கிப் பக்கங்களில் உள்ளே போன பிறகு அனுப்பவே வேண்டாம். லாகின் பக்கத்தை அனுப்பிப் புதிதாக நுழையுங்கள். குக்கியையும் சேர்த்துக் கடத்தும் ஸ்கிரிப்டுகள் உண்டு. அந்த வழிக்குப் போகாதீர்கள், அது உங்கள் லாகினையே ஒரு கோப்பில் எழுதி வைப்பது போல. விண்டோஸ் குரோமில் 2024இல் வந்த 127ஆம் பதிப்பிலிருந்து, வெளி நிரல்கள் குக்கியைப் படிக்க முடியாதபடி பூட்டும் ஏற்பாடும் வந்துவிட்டது.

நாளைக்கு இரண்டு மூன்று தடவைதான் தேவை என்றால் ஸ்கிரிப்டே வேண்டாம். சஃபாரி செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், வெப் டெவலப்பர்களுக்கான வசதிகளைக் காட்டு என்பதை டிக் செய்தால் மேலே டெவலப் மெனு வரும். அதில் ஓபன் பேஜ் வித் என்பதன் கீழ் மேக்கில் இருக்கும் மற்ற பிரவுசர்கள் வரிசையாக இருக்கும். குரோமைச் சொடுக்கினால் முடிந்தது. இந்த வசதி இருப்பது தெரியாமலேயே பலர் ஸ்கிரிப்ட் எழுத உட்காருகிறார்கள். ஆனால் இது சஃபாரியிலிருந்து வெளியே போக மட்டும்தான்.

இனி உங்கள் பிழை. நீங்கள் போட்டது மேக்கின் சொந்த ஸ்கிரிப்ட் மொழியான ஆப்பிள்ஸ்கிரிப்ட். அதை வாய்விட்டுப் படிக்க முடியும் என்பதால் கட்டளைகளை உச்சரிப்பிலேயே தருகிறேன். எடிட்டரில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள், செயலியின் பெயர் இரட்டை மேற்கோளுக்குள் இருக்கட்டும். உங்களிடம் ஓடும் வரி இப்படித்தான் இருக்கும்: டெல் அப்ளிகேஷன் சஃபாரி டு செட் மைலிங்க் டு யூஆர்எல் ஆஃப் கரண்ட் டேப் ஆஃப் ஃப்ரன்ட் விண்டோ. அடுத்த வரி: டெல் அப்ளிகேஷன் கூகுள் குரோம் டு ஓபன் லொகேஷன் மைலிங்க். நீங்கள் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். குரோமின் அகராதியில் கரண்ட் டேப் என்ற சொல்லே கிடையாது, அதன் பெயர் அங்கே ஆக்டிவ் டேப். அதனால்தான் கம்பைல் ஆகும்போதே, அதாவது ஓடும் முன் சரிபார்க்கும்போதே, நின்றுவிடுகிறது. குரோமிடம் கேட்கும்போது யூஆர்எல் ஆஃப் ஆக்டிவ் டேப் ஆஃப் ஃப்ரன்ட் விண்டோ என்று மாற்றுங்கள், மீதி அப்படியே இருக்கட்டும். எட்ஜ், பிரேவ், விவால்டி போன்றவை குரோமின் அதே அடித்தளத்தில் கட்டியவை என்பதால் அவற்றுக்கும் ஆக்டிவ் டேப்தான். சந்தேகம் வந்தால் ஸ்கிரிப்ட் எடிட்டரில் ஃபைல் மெனுவின் ஓபன் டிக்ஷனரியைத் திறந்து அந்தச் செயலியைத் தேர்ந்தெடுங்கள். எந்தச் சொற்கள் அதற்குப் புரியும் என்று அங்கேயே பட்டியல் இருக்கும். பட்டியலில் டேப் என்ற சொல்லே இல்லாவிட்டால் அந்தப் பிரவுசரிடம் இந்த வழியில் கேட்க முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் நடப்பது அதுதான். அதைப் பிறகு பார்ப்போம்.

ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட் திடீரென்று ஊமையாகிவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது அனுமதி. 2018இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து, ஒரு செயலி இன்னொன்றை இயக்க வேண்டுமானால் மேக் உங்களிடம் அனுமதி கேட்கும். அந்தப் பெட்டியில் அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்தியிருந்தால் மறுபடி கேட்காது, -1743 என்ற எண்ணோடு பிழை மட்டும் வரும். சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் ஆட்டோமேஷன் என்று போய் டிக் போடுங்கள். அங்கே பெயரே இல்லையென்றால் டெர்மினலில் டிசிசியூடில் ரீசெட் ஆப்பிள்ஈவென்ட்ஸ் என்று கொடுத்தால் எல்லா ஆட்டோமேஷன் அனுமதியும் அழிந்து மறுபடி முதலிலிருந்து கேட்கும். கவனிக்க வேண்டியது, அனுமதி ஸ்கிரிப்டின் பெயரில் இல்லை. அது எந்தச் செயலி வழியாக ஓடுகிறதோ அதன் பெயரில். எடிட்டரில் ஓடும் ஸ்கிரிப்ட், விசைச் சேர்க்கை வழியே அழைத்தால் ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். -1719 என்று வந்தால் விஷயம் வேறு: பெரும்பாலும் அந்தப் பிரவுசரில் ஒரு விண்டோகூடத் திறந்திருக்கவில்லை என்று பொருள்.

விசையோடு இணைக்க, 2021இன் மான்டரேயிலிருந்து மேக்கில் உள்ள ஷார்ட்கட்ஸ் செயலி போதும். ரன் ஆப்பிள்ஸ்கிரிப்ட் என்ற செயலைச் சேர்த்து ஸ்கிரிப்டை ஒட்டி, விவரப் பகுதியில் விசைச் சேர்க்கை கொடுங்கள். செட்டிங்ஸில் ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி தனியாக இருக்கிறது, அதையும் இயக்க வேண்டும்.

குரோமில் அலுவலகத்துக்கு ஒன்று, சொந்தத்துக்கு ஒன்று என்று இரண்டு புரொஃபைல் வைத்திருந்தால் ஓபன் லொகேஷன் போதாது. பக்கம் கடைசியாக நீங்கள் தொட்ட புரொஃபைலில் போய் விழும். அப்போது ஷெல் (டெர்மினலில் அடிக்கும் கட்டளைகளை ஓட்டும் நிரல்) வழியாகப் போக வேண்டும்: ஓபன் கட்டளை, மைனஸ் என்ஏ, கூகுள் குரோம், பிறகு ஆர்க்ஸ், அதில் புரொஃபைல் டைரக்டரி, கடைசியாக முகவரி. டைரக்டரியின் பெயர் நீங்கள் வைத்த பெயர் அல்ல, டிஃபால்ட் அல்லது புரொஃபைல் 1 என்பது போல இருக்கும். குரோமின் வெர்ஷன் பக்கத்தைத் திறந்தால் புரொஃபைல் பாத் என்ற வரியின் கடைசித் துண்டு அதுதான்.

ஷெல் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழை வராமலேயே தவறு நடக்கும் இடம் இது. ஒரு முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வார்டு எண், அடுத்து & குறி, அடுத்து பக்க எண் 2 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோள் இல்லாமல் அதை ஷெல்லிடம் கொடுத்தால், & குறி "இதுவரை உள்ளதைப் பின்னணியில் ஓட்டு" என்ற கட்டளை ஆகிவிடும். அதற்கு முன்னால் உள்ளது மட்டும் பிரவுசருக்குப் போகும். பக்கமும் திறக்கும், நீங்கள் கேட்ட இரண்டாம் பக்கத்துக்குப் பதில் முதல் பக்கம். எல்லாம் சரியாகத்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆப்பிள்ஸ்கிரிப்டில் இதற்கு மருந்து கோட்டட் ஃபார்ம் ஆஃப் மைலிங்க். ஷெல்லுக்குப் போகும் முகவரியை எப்போதும் அதில் பொதிந்தே அனுப்புங்கள். நீங்களாகவே முன்னும் பின்னும் மேற்கோள் ஒட்டினால் பெரும்பாலான முகவரிகளுக்குப் போதும், ஆனால் முகவரிக்குள்ளேயே ஒரு மேற்கோள் வந்தால் உடைந்துவிடும். வேண்டுமென்றே ஷெல் கட்டளையைப் புதைத்த முகவரியை யாராவது அனுப்பினால் அது உங்கள் கணினியிலேயே ஓடிவிடவும் கூடும்.

அதே எச்சரிக்கையோடு, முகவரி எச்டிடிபி என்று தொடங்குகிறதா என்று ஸ்கிரிப்டில் ஒரு சோதனை வையுங்கள். குரோமின் செட்டிங்ஸ் பக்கம், வெற்று டேப், எக்ஸ்டென்ஷனின் உள்பக்கம் இவையெல்லாம் அடுத்த பிரவுசரில் பொருளற்றவை. சஃபாரியில் எதுவும் திறக்காத டேப்பைக் கேட்டால் முகவரிக்குப் பதில் மிஸ்ஸிங் வேல்யூ என்றுகூட வரும். சோதனை இல்லாவிட்டால் குரோம் அதையும் விழுங்கப் பார்க்கும்.

ஃபயர்ஃபாக்ஸுக்கு வருவோம். அங்கே பக்கத்தை அனுப்புவதில் சிக்கலே இல்லை. ஓபன் மைனஸ் ஏ ஃபயர்ஃபாக்ஸ் என்று முகவரியைக் கொடுத்தால் திறந்துவிடும். அங்கிருந்து எடுப்பதுதான் பாடு. விரல்கள் செய்வதையே ஸ்கிரிப்ட் செய்ய வேண்டும்: ஃபயர்ஃபாக்ஸை முன்னுக்குக் கொண்டுவா, கமாண்ட் எல் அடித்து முகவரிப் பட்டைக்குப் போ, கமாண்ட் சி அடித்து காப்பி செய், கிளிப்போர்டைப் படி. இதைச் செய்வது மேக்கோடு வரும் சிஸ்டம் ஈவென்ட்ஸ் என்ற துணைச் செயலி. ஆட்டோமேஷன் அனுமதி தவிர ஆக்சசிபிலிட்டி அனுமதியும் வேண்டும். இது ஓடும், ஆனால் குரோமிடமும் சஃபாரியிடமும் கேட்பதைப் போல நம்பகமானது அல்ல. முழுக்கவும் நேரத்தை நம்பிய வேலை. முன்னுக்குக் கொண்டுவந்த பிறகு 0.3 விநாடி, இரண்டு விசைகளுக்கும் நடுவே 0.1, காப்பிக்குப் பிறகு 0.2 என்று இடைவெளி வைத்துத் தொடங்குங்கள். பழைய மேக், நிறைய டேப் என்றால் இரட்டிப்பாக்குங்கள். தொடங்கும் முன் கிளிப்போர்டில் இருப்பதை ஒரு மாறியில் சேமித்துவிட்டு கிளிப்போர்டைக் காலி செய்யுங்கள். காலி செய்யாவிட்டால், காப்பி தவறும்போது அரைமணி நேரம் முன்பு நீங்கள் எடுத்த வேறு எதையோ ஸ்கிரிப்ட் குரோமில் திறக்கும். அது ஓடிபி ஆகவும் இருக்கலாம், அப்படியே தேடல் பெட்டிக்குப் போய்விடும்.

தமிழில் அடிப்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு வம்பும் உண்டு. அஞ்சல் அல்லது தமிழ்99 விசைப்பலகை இயக்கத்தில் இருக்கும்போது கீஸ்ட்ரோக் எல் என்று சொன்னால், ஸ்கிரிப்ட் அந்த எழுத்தை இப்போதைய விசைப்பலகையில் தேடும். அது கிடைக்காவிட்டால் வேறு விசை போகக்கூடும். ஆங்கிலத்துக்கு மாற்றினால் ஓடுகிறது, தமிழில் ஓடவில்லை என்ற புகாரின் மூலம் இதுதான். எழுத்தின் பெயருக்குப் பதில் விசையின் எண்ணைக் கொடுத்தால் தீரும்: கீ கோடு 37 என்பது எல், கீ கோடு 8 என்பது சி. இன்னொன்று, கண்ட்ரோல், ஆப்ஷன் சேர்த்து ஸ்கிரிப்டை அழைத்துவிட்டு விரலை எடுக்காமல் இருந்தால், அவையும் கமாண்ட் எல் உடன் கலந்துவிடும். முதல் வரியிலேயே அரை விநாடி டிலே வையுங்கள்.

விசை அடிப்பது வேண்டாம் என்றால் ஃபயர்ஃபாக்ஸ் தன் டேப்களை எழுதி வைக்கும் கோப்பைப் படிக்கலாம். புரொஃபைல் ஃபோல்டரில் செஷன்ஸ்டோர் பேக்கப்ஸ் என்பதற்குள் ரெகவரி என்று தொடங்கும் கோப்பு. எல்இசட்4 முறையில் சுருக்கப்பட்டது. முதல் 8 பைட்டைத் தள்ளிவிட்டு பைதான் கொண்டு விரிக்க வேண்டும். ஆனால் இயல்பாக 15 விநாடிக்கு ஒருமுறைதான் அது புதுப்பிக்கப்படுகிறது, அதனால் இப்போதுதான் திறந்த பக்கம் அதில் இல்லாமல் போகலாம். எல்லா டேப்பையும் மொத்தமாக எடுக்க இது நல்ல வழி. ஒற்றைப் பக்கத்துக்கு வேண்டாம்.

மொத்தமாக அனுப்புவது குரோமிலிருந்து சஃபாரிக்கு என்றால் யூஆர்எல் ஆஃப் எவ்ரி டேப் ஆஃப் ஃப்ரன்ட் விண்டோ என்று கேட்டால் முழுப் பட்டியலும் வரும். சஃபாரியில் முதல் முகவரிக்கு மேக் நியூ டாக்குமென்ட், மீதிக்கு மேக் நியூ டேப். மூலத்தில் உள்ள டேப்களை அதே ஸ்கிரிப்டில் மூட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையால் மூடுங்கள். மூடித்தான் ஆக வேண்டுமானால் கடைசி டேப்பிலிருந்து முன்னோக்கி மூடுங்கள். முதலிலிருந்து மூடினால் ஒவ்வொன்று போகும்போதும் வரிசை எண் நகர்ந்து ஒன்றுவிட்டு ஒன்று தப்பிவிடும். குரோமில் விண்டோவின் மோட் என்ன என்று கேட்கலாம். இன்காக்னிட்டோ என்று பதில் வந்தால் ஸ்கிரிப்டை அங்கேயே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மறைவாகப் பார்த்த பக்கம் சஃபாரியின் ஹிஸ்டரியில் ஏறிவிடும்.

நீளமான பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட பத்தியில் போய் நிற்க வேண்டும் என்றால், குரோமில் அந்தச் சொற்களைத் தேர்ந்தெடுத்து வலது சொடுக்கில் காப்பி லிங்க் டு ஹைலைட். அந்த முகவரியின் வாலிலேயே சொற்கள் இருக்கும். இப்படிப்பட்ட முகவரியைப் புரிந்துகொள்ளும் வசதி குரோமில் 2020இன் 80ஆம் பதிப்பிலும் ஃபயர்ஃபாக்ஸில் 2024இன் 131ஆம் பதிப்பிலும் வந்தது. புதிய சஃபாரியும் புரிந்துகொள்ளும்.

அலுவலக விண்டோஸில் ஆப்பிள்ஸ்கிரிப்டுக்கு நேர் மாற்று இல்லை. ஃபயர்ஃபாக்ஸுக்குச் சொன்ன விசை அடிக்கும் வழியைத்தான் எல்லாப் பிரவுசருக்கும் பயன்படுத்த வேண்டியிருக்கும். அதற்கு ஆட்டோஹாட்கீ நல்ல கருவி. கிளிப்போர்டைச் சேமி, காலி செய், கண்ட்ரோல் எல், 150 மில்லிவிநாடி பொறு, கண்ட்ரோல் சி, பிறகு கிளிப்வெயிட் 1. கடைசிக் கட்டளை, கிளிப்போர்டில் ஏதாவது வரும்வரை அதிகபட்சம் 1 விநாடி காத்திருக்கும். வராவிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். வந்தால் ரன் கொண்டு அடுத்த பிரவுசரைத் திறந்து, பழைய கிளிப்போர்டைத் திருப்பி வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் ஆட்டோஹாட்கீ ஸ்கிரிப்டுகளில் பல பழைய 1ஆம் பதிப்புக்கானவை. அதில் கிளிப்போர்டு என்றே இருந்த மாறி, 2ஆம் பதிப்பில் முன்னால் ஏ, அடிக்கோடு சேர்த்து ஏ_கிளிப்போர்டு ஆகிவிட்டது. ஒட்டியதும் பிழை வந்தால் முதலில் அதைப் பாருங்கள். முகவரிப் பட்டையில் நீங்கள் எதையாவது பாதி அடித்து விட்டிருந்தால் அந்தப் பாதிதான் காப்பியாகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கமாண்ட் பிராம்ப்டில் எழுதினால் ஸ்டார்ட் கட்டளையில் ஒரு பொறி: முதலில் வரும் மேற்கோளுக்குள் இருப்பதை அது விண்டோவின் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும். முகவரியை நேரடியாக மேற்கோளில் கொடுத்தால் வெறும் கறுப்பு விண்டோ திறக்கும். முன்னால் ஒரு வெற்று மேற்கோள் ஜோடி போட்டு, பிறகு பிரவுசரின் பெயர், பிறகு மேற்கோளுக்குள் முகவரி என்று கொடுங்கள்.

இந்தக் கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் பேட்ச் கோப்பில் முகவரியை நேராக எழுதி வைப்பவர்கள் தமிழ், கன்னட முகவரிகளில் கண்டிப்பாக மாட்டுவார்கள். பெங்களூரு என்ற சொல்லை யூனிகோடில் எண்ணினால் 9 குறிகள். ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் % குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். ஆக அந்த ஒரு சொல் 81 எழுத்து. அதில் 27 எழுத்து % குறி. பேட்ச் கோப்போ இரண்டு % குறிகளுக்கு நடுவில் இருப்பதை மாறியின் பெயர் என்று நினைத்து, அப்படியொரு மாறி இல்லாததால் வெறுமையாக்கிவிடும். மிஞ்சுவது சிதைந்த துணுக்கு, பக்கம் கிடைக்கவில்லை என்று வரும். கோப்புக்குள் எழுதுவதானால் ஒவ்வொரு % குறியையும் இரட்டிப்பாக அடியுங்கள். விண்டோஸின் இன்னொரு கட்டளை மொழியான பவர்ஷெல்லில் ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை, அதனால் புதிதாக எழுதுவதானால் அதிலேயே எழுதுங்கள்.

அலுவலக லேப்டாப்பில் போடும் முன் ஐடி பிரிவிடம் கேட்டுவிடுங்கள். ஆட்டோஹாட்கீ விசைகளைப் பிடித்து அனுப்பும் கருவி என்பதால் சில ஆன்டிவைரஸ்கள் அதை ஐயத்தோடு பார்க்கும். விண்டோஸில் கிளிப்போர்டு ஹிஸ்டரி இயக்கத்தில் இருந்தால், ஸ்கிரிப்ட் கடத்தும் ஒவ்வொரு முகவரியும் அதில் தங்கும். விண்டோஸ் விசையையும் வி-யையும் சேர்த்து அழுத்தினால் கடைசி 25 வரை தெரியும். உங்கள் திரையை மற்றவர்களும் பார்க்கும் இடம் என்றால் அதை அணைத்து வையுங்கள்.